விதையும் தூவணும், விதைக்கொல்லியும் போடணும்



டவுனில் வீடு கட்டி முன்பக்கம் ரெண்டு சதுரம் மூணு சதுரம் புல்தரை போட்டிருக்கும் சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்தால் கேட்பது அனேகமாக ஒரே கேள்விதான். "புல்லு அங்கங்க காஞ்சு மண்ணு தெரியுது மாமா. மேல கொஞ்சம் புல் விதை வாங்கித் தூவலாம்னு இருக்கேன். களையும் தலை தூக்குது. களையை முளைக்கவே விடாத மருந்து ஒண்ணு இருக்காமே, ரெண்டையும் ஒரே வாரத்துல முடிச்சிடலாமா?"

முடியாது. காரணம் ரொம்ப லேசானது. நீங்க காசு கொடுத்து வாங்கின விதை எது, காத்துல வந்து விழுந்த விதை எதுன்னு அந்த மருந்துக்குத் தெரியாது. முளைக்கிற எதையும் முளைக்க விடாமல் செய்வதுதான் அதன் வேலை. ஆனால் ஒரு வார்த்தையில் "முடியாது"ன்னு சொல்லிட்டுப் போக மனசு வரல. ஏன்னா இதே கேள்வியைத்தான் எங்க காவிரி டெல்டா நெல் வயலும் நாப்பது வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கு. விதைக்கவும் வேணும், அதே வாரத்தில் விதைக்கொல்லி போடவும் வேணும். நெல்லுக்கு அதற்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. அந்த வழி எங்கேயிருந்து வந்தது, வரும்போது யாரை வயலை விட்டு அனுப்பி வெச்சதுங்கிறதை இந்தப் பதிவில் சொல்றேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

முதலில் நடவைப் பத்திச் சொல்லணும். மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் ரயிலில் போனவங்க ஜன்னல் வழியாப் பார்த்திருப்பீங்க, பெண்கள் வரிசையாக் குனிஞ்சு நாத்து நடுறதை. விதையை நேரா வயலில் வீசிட்டுப் போகாமல், ஒரு மூலையில் நாத்தங்கால் போட்டு, வளர்த்து, பறிச்சு, முடி கட்டி, தூக்கிட்டு வந்து மறுபடி நட்டு, எதுக்கு இவ்வளவு பாடு? விளைச்சல் கூடும்னுதான் பலரும் சொல்வாங்க. என்னைக் கேட்டால் முதல் காரணம் களை. நாத்து வயலுக்கு வரும்போது அதுக்கு 25 நாள் வயசு. களை விதை அன்னைக்குத்தான் கண்ணைத் திறக்குது. அதுக்கு மேல ரெண்டு அங்குலம் தண்ணியையும் நிறுத்திட்டா காத்து கிடைக்காமல் பாதி விதை எழும்பவே எழும்பாது. நெல்லு மட்டும் தண்ணியில் சுகமா நிக்கும். மருந்துன்னு ஒண்ணு கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே இருந்த களை மருந்து நடவுதான். நெல்லுக்கு 25 நாள் முந்தல் கொடுக்குறது.

அந்த வசதி தண்ணி நிச்சயமா வர்ற ஊருக்குத்தான். எங்களுது கடைமடை. ஆத்துத் தண்ணி கடைசியா வந்து, முதல்ல நின்னு போற இடம். இங்கெல்லாம் புழுதி விதைப்பு தாத்தா காலத்திலேயே உண்டு. காய்ஞ்ச மண்ணை உழுது, புழுதியாக்கி, விதைச்சுட்டு மழைக்காகக் காத்திருக்கிறது. மழை விழுந்தால் நெல்லும் களையும் ஒரே நாளில் பொறக்கும். அப்புறம் நடக்குறது பங்காளிச் சண்டைதான்.

பங்காளின்னு சும்மா சொல்லல. நெல்லுக்குப் பெரிய எதிரி குதிரைவாலிப் புல். நீங்க ஆர்கானிக் கடையில் கிலோ இவ்வளவுன்னு வாங்குற குதிரைவாலி அரிசியும் இந்தப் புல்லும் நெருங்கின சொந்தம். இந்தக் களைக் கூட்டத்தில் ஒண்ணைத்தான் நம்ம முன்னோர் பழக்கி தானியமா ஆக்கினாங்க. பழகாத மத்த ரகமெல்லாம் வயலில் நிக்குது. சின்ன வயசில் பார்த்தா அச்சு அசல் நெல் நாத்து. ஆயிரக்கணக்கான வருஷமா மனுஷன் கையால் களை பறிச்சதில், நெல்லு மாதிரி இல்லாத புல்லெல்லாம் பிடுங்குப்பட்டு, நெல்லு மாதிரி இருந்தது மட்டும் தப்பிச்சு விதை கொட்டியிருக்கு. நம்ம கண்ணே அதுக்கு வேஷம் கட்டக் கத்துக்கொடுத்திருக்கு.

அந்த வேஷத்தைக் கலைக்கிற ஆளுங்க எங்க ஊர் களை பறிக்கிற பெண்கள். இலை தண்டோடு சேர்ற இடத்தை விரலால் லேசா விலக்கிப் பார்ப்பாங்க. நெல்லுக்கு அந்த இடத்தில் மெல்லிசா ஒரு சவ்வும், காது மாதிரி சின்னதா மயிரோட ஒரு மடிப்பும் இருக்கும். குதிரைவாலிக்கு ரெண்டும் கிடையாது, வழுவழுன்னு இருக்கும். விவசாயக் கல்லூரியில் இதைப் படம் போட்டு நடத்துறாங்க. பள்ளிக்கூடமே போகாத பெண்கள் குனிஞ்ச முதுகு நிமிராமல், பேசிக்கிட்டே, விரல் நுனியால் அதைத்தான் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. நான் பையனா இருந்தப்போ ஒரு ஏக்கருக்கு முதல் களை, ரெண்டாம் களை ரெண்டுக்கும் சேர்த்து முப்பது பெண்ணாள் ஆகும். சாயங்காலம் வரப்பில் ஏறும்போது மடியில் ஆரைக்கீரை, கரிசலாங்கண்ணின்னு எதாவது இருக்கும். வயலுக்குக் களை, வீட்டுக்குக் கறி.

இந்த இடத்தில் கூலி வரலாற்றைத் தொடாமல் போக முடியாது. டெல்டாவில் பண்ணையாள்ங்கிற முறை எப்படி இருந்ததுன்னு வயசானவங்க சொல்லக் கேட்டிருக்கேன். தஞ்சாவூர் மாவட்டத்துக்குன்னே பண்ணையாள் பாதுகாப்புக்கு 1952-ல் அவசரச் சட்டம் போட்டாங்க. கூலி கூடக் கேட்டதும், வெளியூர் ஆளை இறக்கி அறுப்பு நடத்தினதும் 1960-களில் இந்தப் பக்கம் பெரிய தகராறு. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை வெச்சுக் கொளுத்தினாங்க. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அதுக்கு அடுத்த வருஷம் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. களை பறிக்கிற கையோட விலை என்னங்கிறது எங்க ஊர்ப் பக்கம் கணக்கு நோட்டில் மட்டும் எழுதப்பட்ட விஷயமில்லை. களை மருந்து வந்தப்போ அதை யார் எப்படிப் பார்த்தாங்கன்னு புரியணும்னா இது தெரியணும்.

இப்போ மருந்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ரகசியமா ஆராய்ச்சி பண்ணி எடுத்தது 2,4-டி. 1945-ல் அமெரிக்காவில் கடைக்கே வந்துடுச்சு. அது அகல இலைச் செடியைக் கொல்லும், புல் இனத்தை விட்டுடும். கோதுமைக்காரனுக்குக் கொண்டாட்டம். நெல்லுக்காரனுக்கு அரை லாபம்தான். நெல்லும் புல், குதிரைவாலியும் புல். புல்லுக்குள்ள புல்லைப் பிரிக்க அதுக்குத் தெரியாது.

பிரிக்க முடியாட்டி முளைக்கும்போதே பிடின்னு முதலில் பெரிய அளவில் இறங்கினது ஜப்பான்காரங்க. மரம் உளுத்துப் போகாமல் இருக்கப் பூசுற பென்டாகுளோரோபீனாலை 1950-களின் கடைசியில் நட்ட வயலில் தூவ ஆரம்பிச்சாங்க. மருந்து மண்ணின் மேல்தோலில் ஒரு விரக்கடைகூட இல்லாத படலமாத் தங்கும். களை விதை அந்தப் படலத்துக்குள்ளேயே முளைக்கும், அங்கேயே கருகும். நாத்து வேர் அதுக்குக் கீழே இருக்கு, தப்பிச்சுக்கும். மருந்துக்கு அறிவு வரல, இடத்தை வெச்சு ஏமாத்தினாங்க. நல்ல யோசனைதான். ஆனா 1962-ல் மழை வெள்ளத்தில் அது வயலை விட்டு வடிஞ்சு பிவா ஏரியிலும் அரியாக்கே கடலிலும் போய்ச் சேர்ந்து மீனும் சிப்பியும் கொத்துக் கொத்தாச் செத்தது. அதுக்கப்புறம் கட்டுப்பாடு கொண்டு வந்து, மீனைக் கொல்லாத மருந்தா மாத்தினாங்க. கடைமடைக்காரனுக்கு இந்தக் கதையில் ஒரு தனி அக்கறை உண்டு. மேலே உள்ளவன் வயலில் போடுற எல்லாம் கடைசியில் எங்க வாய்க்காலுக்குத்தான் வருது. விராலும் கெண்டையும் நத்தையும் நண்டும் எங்க வயலில் இருந்தது ஒரு காலம்.

1960-களின் கடைசியில் அமெரிக்காவின் மான்சான்டோ கம்பெனி பூட்டாக்ளோரைக் கொண்டு வந்தது. அதே தந்திரம், கொஞ்சம் மென்மையான சரக்கு. எங்க ஊருக்கு அது 1980-களின் நடுவில் வந்ததா ஞாபகம். நட்ட மூணாம் நாள், ஏக்கருக்கு ஒரு லிட்டர் மருந்தை இருபது கிலோ காய்ஞ்ச மணலில் பிசிறி, வயலில் மெல்லிசாத் தண்ணி வெச்சுக்கிட்டு, விதை தூவுற மாதிரி தூவிட்டு வரணும். ரெண்டு மூணு நாளைக்குத் தண்ணியை வடிக்கவும் கூடாது, புதுசாக் கட்டவும் கூடாது. தெளிப்பான்கூடத் தேவையில்லை. ஒரே ஆள், ஒரு மணி நேரம். முதல் களைக்கு வரவேண்டிய பதினஞ்சு பெண்கள் வர வேண்டியதில்லை.

அன்னைக்கு எங்க தெருவில் நடந்த பேச்சு இப்பவும் காதில் இருக்கு. "களை பிடிக்குமா"ன்னு யாரும் பெரிசாக் கேட்கல. "இனிமே போய்க் கூப்பிட வேண்டியதில்லை"ன்னுதான் சந்தோஷப்பட்டாங்க. நிலம் உள்ளவங்க அந்த மணல் சட்டியில் பார்த்தது அதைத்தான். இதைச் சொன்னால் எங்க ஆளுங்களுக்கே பிடிக்காது, ஆனா நடந்தது அதுதான். ரெண்டாம் களைக்கு மட்டும் பெண்களைக் கூப்பிட்டாங்க. அதுவும் போகப் போக நாலு பேரு, அஞ்சு பேரு. பின்னாடி திருப்பூர் வேலை, நூறு நாள் வேலைன்னு அவங்களுக்கு வேற வழி கிடைச்சப்போ, "களை பறிக்க ஆள் வர்றதில்லை"ன்னு புலம்பினதும் நாங்களேதான். ஆள் வராமல் மருந்து வந்ததா, மருந்து வந்து ஆள் போச்சான்னு கேட்டால், எங்க ஊரைப் பொறுத்தவரை மருந்து முதலில் வந்ததுன்னுதான் நான் சொல்லுவேன்.

மருந்து தூவிட்டா களை ஒழிஞ்சுதான்னு நீங்க கேட்கலாம். இதுக்கு அமெரிக்காவில் ஒரு அழகான சங்கதி இருக்கு. மிச்சிகனில் வில்லியம் பீல்னு ஒரு பேராசிரியர் 1879-ல் 20 பாட்டிலில் களை விதையை மணலோட கலந்து மண்ணுக்குள்ள புதைச்சு வெச்சார். இத்தனை வருஷத்துக்கு ஒரு பாட்டில்னு தோண்டி எடுத்து முளைக்குதான்னு பார்க்கணும். அவர் போய்ச் சேர்ந்துட்டார், அவருக்குப் பின்னாடி வந்தவங்க விடாமல் பண்றாங்க. 2021-ல் எடுத்த பாட்டிலில் 142 வருஷம் கழிச்சும் விதை முளைச்சது. அடுத்தது 2040-ல். மண்ணுக்குள்ள இருக்கிற இருப்பு அப்பேர்ப்பட்டது. மருந்து அந்த வருஷம் மேலே வந்ததைப் பிடிக்கும். கீழே உறங்குறதை அது தொடுறதே இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் நட்ட வயலுக்கு. விதைச்ச வயலில்தான் சிக்கல். எங்க பக்கம் நடவு குறைஞ்சு நேரடி விதைப்பு பெருகினதுக்கு மேட்டூர் ஒரு பெரிய காரணம். 1934-ல் அணை கட்டி முடிச்சதிலிருந்து ஜூன் 12-ங்கிற தேதி எங்களுக்குப் பொங்கல், தீபாவளி மாதிரி. அந்தத் தேதிக்குத் தண்ணி வந்தால் நாத்து விட்டுக் குறுவை நடலாம். 2012-லிருந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம் அந்தத் தேதியில் தண்ணி திறக்கவே இல்லை. பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர், ஒரு வருஷம் அக்டோபர். நாத்தங்கால் போடவே தண்ணி இல்லாதப்போ நடவு எங்கே? கிடைச்ச ஈரத்தில் விதை தெளிச்சவங்கதான் பிழைச்சாங்க. நடவுக் கூலியும் மிச்சம், பத்து நாள் முன்னாடி அறுப்பும் ஆகும். ஆனா நடவு கொடுத்த அந்த 25 நாள் முந்தல் போச்சு. மறுபடி நெல்லும் களையும் ஒரே நாளில் முளைக்குது, இந்தத் தடவை பறிக்க ஆளும் இல்லை.

புழுதி விதைப்புக்கு ஜப்பான்காரன் தந்திரமே ஓடும். விதை மண்ணுக்குள்ள ஒரு அங்குலம் கீழே இருக்கு, பெண்டிமெத்தலின் மேல்தோலில் தங்கும். ஆனா சேத்து விதைப்பில் விதை சேத்துக்கு மேலேயே உட்கார்ந்திருக்கு. மருந்தும் அங்கேயேதான் விழும். மேல் கீழ்னு பிரிக்க இடமில்லை. உங்க புல்தரையில் மேல் விதை தூவுறதும் சரியா இதே நிலைமைதான்.

இதுக்கு விடை ஒரு தற்செயலில் பிறந்தது. 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் கல்ஃப் ஆயில் கம்பெனியில் ஓட்டோ ஹாஃப்மன்னு ஒருத்தர் கண்ணாடிக் கூண்டுக்குள் தக்காளிச் செடி வெச்சு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தார். 2,4-டி ஆவி பட்டால் தக்காளி முறுக்கிக்கிட்டு நாசமாப் போகும். ஒரு தடவை அந்த ஆவி பரவிடுச்சு. எல்லாம் போயிருக்கும்னு பார்த்தால், அதுக்கு முன்னாடி வேற ஒரு மருந்து பட்டிருந்த செடிங்க மட்டும் நல்லா நிக்குது. விஷத்துக்கு மாத்து இருக்குன்னு அப்போ மனசில் பட்டது. 1962-ல் அதை எழுதினார். 1971-ல் மக்காச்சோள விதையில் பூசுற மாதிரி முதல் காப்பு மருந்து விற்பனைக்கு வந்தது. நெல்லுக்கு அது 1980-களின் தொடக்கத்தில், சுவிட்சர்லாந்தின் சீபா கைகி கம்பெனியிலிருந்து வந்தது. களை மருந்து பெயர் பிரெட்டிலாக்ளோர், அதோடு ஒரே பாட்டிலில் கலந்து வர்ற காப்பு மருந்து பெயர் ஃபென்குளோரிம்.

அது எப்படி வேலை செய்யுதுன்னா, பிரெட்டிலாக்ளோர் இளம் குருத்தில் ஒரு வகைக் கொழுப்பு உண்டாகாமல் தடுக்கும், குருத்து விரியாமல் சுருண்டு செத்துடும். விஷத்தை உடைச்சுப் போடுற ஒரு நொதி நெல்லுக்குள்ளேயே இருக்கு. ஆனா மெதுவா வேலை செய்யும். ஃபென்குளோரிம் போய் அந்த நொதியைத் தட்டி எழுப்பிக் கூடுதலாச் சுரக்க வைக்குது. நெல் உடைச்சுத் தள்ளிட்டு எழுந்துக்குது. குதிரைவாலிக்கு அந்தத் தட்டு அவ்வளவா உறைக்கிறதில்லை, செத்துடுது. ஆனா காப்பு மருந்தைக் குடிக்க நெல்லுக்கு ஒரு வேர் வேணும். அதனால்தான் முளை கட்டின விதையைத்தான் தெளிக்கணும்னும், தெளிச்சு மூணாம் நாள் நாலாம் நாள் மருந்து அடிக்கணும்னும் வேளாண் பல்கலைக்கழகம் சொல்லுது. அதுக்கு முன்னாடின்னா நெல்லுக்குக் குடிக்க வாய் இல்லை. ஒரு வாரம் தள்ளினா குதிரைவாலி ரெண்டு இலை விட்டுடும், அப்புறம் அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு பருவத்து நெல் இந்த ஒண்ணு ரெண்டு நாளில் தொங்குது.

அதைவிடப் பயங்கரம் பாட்டில். இதே பிரெட்டிலாக்ளோர் காப்பு மருந்து இல்லாமலும் விற்குது, அது நட்ட வயலுக்கானது. பெயரும் பாதி ஒண்ணு, பாட்டிலும் கிட்டத்தட்ட ஒண்ணு. நாலஞ்சு வருஷம் முன்னாடி எங்க ஊரில் ஒருத்தர் மூணு மா, அதாவது ஒரு ஏக்கர், சேத்து விதைப்பு விதைச்சார். மருந்துக் கடையில் "நெல்லுக்குக் களை முளைக்காம இருக்க"ன்னு கேட்டிருக்கார், கடைப் பையன் நட்ட வயல் மருந்தை எடுத்துக் கொடுத்திருக்கான். பத்தாம் நாள் போய்ப் பார்த்தால் சேறு மொழுகின திண்ணை மாதிரி இருக்கு. களையும் இல்லை, நெல்லும் இல்லை. விதை நெல்லுக்கும் உழவுக்கும் வாங்கின கடன் மட்டும் முளைச்சுது. மறுபடி விதைக்கிறதுக்குள்ள தண்ணி முறை போயிடுச்சு. அந்த வருஷம் அவர் உளுந்தோட சரி. லேபிளில் தமிழில் அச்சடிச்சிருக்குதான், எறும்பு சைஸில். அம்பது வயசு தாண்டினவன் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில் ஒரு வருஷச் சோறு எழுதியிருக்கு.

புல்தரைக்காரங்களுக்கும் இதே மாதிரி ரெண்டு மருந்து உண்டு, ஆனா ஒரு 'ஆனா' இருக்கு. அமெரிக்காவில் 1960-களில் சிடூரான் வந்தது. குளிர்தேசத்துப் புல் விதையை விட்டுட்டு, களைப் புல்லை மட்டும் முளைக்க விடாது. இன்னொண்ணு மீசோட்ரையோன். பூங்காவில் புட்டி கழுவுற பிரஷ் மாதிரி சிவப்பாப் பூக்குமே, பாட்டில் பிரஷ் மரம், அதுதான் இதுக்கு மூலம். 1977-ல் கலிபோர்னியாவில் ஒரு ஆராய்ச்சிக்காரர் தன் வீட்டுத் தோட்டத்தில் அந்த மரத்தடியில் மட்டும் களை குறைவா இருக்கேன்னு கவனிச்சார். மரம் விடுற சத்தைப் பிரிச்சு, அதைப் பார்த்து மருந்து செஞ்சு, 2000-களின் தொடக்கத்தில் மக்காச்சோளத்துக்கும், 2008-ல் புல்தரைக்கும் விற்க ஆரம்பிச்சாங்க. அங்கே விதை தூவுற அன்னைக்கே அடிக்கிறாங்க.

'ஆனா' என்னன்னா, இது ரெண்டும் அந்த ஊர்ப் புல்லுக்குத்தான். நம்ம ஊர்ப் புல்தரையில் இருக்கிறது பெரும்பாலும் பெர்முடா, இல்லாட்டி கொரியன் புல். பெர்முடான்னு நர்சரியில் காசு கொடுத்து வாங்குறீங்களே, அது வேற யாரும் இல்லை, நாங்க வரப்பில் கொத்திக் கொத்திப் போடுற அருகம்புல் இனம்தான். அதையும் கொரியன் புல்லையும் மீசோட்ரையோன் வெளுக்க வெச்சிடும், சிடூரான் அருகம்புல்லுக்கே விஷம். பெண்டிமெத்தலின் மாதிரி சாதாரண முளைப்புக்கொல்லி போட்ட தரையில் ரெண்டு மூணு மாசத்துக்குப் புல் விதை தூவுறது வீண். விதை தூவினீங்கன்னா, புல் வேர் பிடிச்சு நாலு தடவை வெட்டினதுக்கு அப்புறம் மருந்தைப் பத்தி யோசிங்க. அதுக்குப் பதிலா, காஞ்ச இடத்தில் வேரோட இருக்கிற புல் துண்டை நட்டுடலாம். நாலு சதுரத்துக்குக் குனிஞ்சு களை எடுத்தால் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில் முடிஞ்சிடும். நாத்து நடுறவங்க செஞ்சது இதுதானே, முந்தல் கொடுக்குறது.

காப்பு மருந்தோட கதையும் முடியல. நெல்லை மட்டும் காப்பாத்துற மருந்துன்னா, நெல்லே களையா வந்தா என்ன பண்றது? மலேசியாவில் நேரடி விதைப்பு பரவின கொஞ்ச வருஷத்தில், 1988-ல் செலாங்கூர் பக்கம் களை நெல்லைக் கண்டுபிடிச்சாங்க. காத்தடிச்சாலே கொட்டிப் போறதால் அவங்க அதுக்குக் காத்து நெல்லுன்னு பேர் வெச்சிருக்காங்க. கேரளாவில் வரிநெல்லுன்னு சொல்றாங்க, குட்டநாட்டில் அது பெரிய தலைவலி. அரிசி சிவப்பு, நுனியில் மீசை, அறுப்புக்கு முன்னாடியே உதிர்ந்து மண்ணுக்குள்ள போய்டும். அதுவும் நெல்லுதான், காப்பு மருந்தைக் குடிக்க அதுக்கும் வாய் இருக்கு. நம்ம நெல் எழுந்துக்கும்போது அதுவும் கூடவே எழுந்துக்கும். சீனாவில் பூட்டாக்ளோருக்கே அடங்காத குதிரைவாலியை 1993-லேயே பார்த்துட்டாங்க.

இப்போ போக்கு வேற திசையில் திரும்பியிருக்கு. 2020-ல் கொரோனாவில் பீகார், உத்தரப் பிரதேச ஆளுங்க ஊருக்குப் போனப்போ பஞ்சாபில் நடவுக்கு ஆள் இல்லாமல் நேரடி விதைப்புக்கு மாறினாங்க. 2021-ல் டெல்லி ஆராய்ச்சி நிலையம் களை மருந்தைத் தாங்குற ரெண்டு பாஸ்மதி ரகம் வெளியிட்டது. மருந்துக்கு அறிவு கொடுக்க முடியாததால் விதையை மாத்துறாங்க. அந்த ரகத்தோட குணம் களை நெல்லுக்கும் ஒட்டிக்கிட்டா என்ன ஆகும்னு ஆராய்ச்சிக்காரங்களே கவலைப்படுறாங்க. ரெண்டும் ஒரே சாதி, பூ ஒண்ணோட ஒண்ணு சேரும்.

களை நெல்லுக்கு இன்னைக்கு இருக்கிற ஒரு உருப்படியான வைத்தியம், கதிர் வந்ததும் வயலில் இறங்கிக் கையால் பறிக்கிறது. அதுக்கு ஆள் பார்த்துத்தான் கூப்பிடணும். போன சம்பாவில் எங்க வயலில் அஞ்சு பேர் இறங்கினாங்க. மூணு பேர் சின்ன வயசு, அவங்களுக்கு மீசையைப் பார்த்துக் களை நெல்லைக் கண்டுபிடிக்கத் தெரியும். கதிர் வராத குதிரைவாலியை இலைக் கணுவைத் தடவிப் பார்த்தே பிடுங்கினது மத்த ரெண்டு பேர்தான். ரெண்டு பேருக்கும் அறுபது தாண்டிடுச்சு. மூணாவது வரிசை போகும்போது அதில் ஒரு அக்கா பக்கத்தில் இருந்த பொண்ணோட விரலைப் பிடிச்சு இலை அடியில் வெச்சு, "இங்க தடவிப் பாரு, காது இருக்கா?"ன்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. அந்தப் பொண்ணு இருக்குன்னு சொல்லுச்சு. அதை விட்டுட்டு அடுத்த பயிருக்குப் போனாங்க.